தலைக்கு வந்தது காந்தத்தோடு போச்சு

மனசு சரியில்லை என்றால் மனிதன் மனசைத் தேடுவதில்லை, தலையைத் தேடுகிறான். மனசு எங்கே இருக்கிறதென்று எவருக்கும் தெரியாது. தலையோ கழுத்துக்கு மேலே, கைக்கெட்டும் உயரத்தில், எலுமிச்சம்பழம் தேய்க்கவும் வேப்பிலையால் அடிக்கவும் எண்ணெய் வைத்து அமுக்கவும் தோதாக உட்கார்ந்திருக்கிறது. மருத்துவ வரலாற்றின் கூத்துகளில் பாதி, தலை இப்படி வசமாக மாட்டிக்கொண்டதால் நடந்தவைதான்.

எழுத்தில் கிடைக்கிற பழைய கூத்துகளில் ஒன்று ரோமாபுரியில் நடந்தது. கிளாடியஸ் சக்கரவர்த்தி காலத்து வைத்தியர் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ், கி.பி. 47 வாக்கில் ஒரு மருந்துப் புத்தகம் எழுதினார். தீராத தலைவலிக்கு அதில் ஒரு கைவைத்தியம் உண்டு. தொட்டால் ஷாக் அடிக்கிற கறுப்புத் திருக்கை மீனை உயிரோடு பிடித்து, வலிக்கிற இடத்தில் வைக்கவும். அந்த இடம் மரத்துப்போய் வலி நிற்கும். மரத்ததும் மீனை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உணர்ச்சியே போய்விடும் என்று எச்சரிக்கையும் கொடுத்திருக்கிறார். மீனுக்கு எந்த எச்சரிக்கையும் கொடுக்கவில்லை.

சிரிக்கலாம். ஆனால் மீன் வைத்தியர் லேசுப்பட்ட ஆள் இல்லை. தலையில் எதைக் கொண்டுவந்து வைத்தாலும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இது நிஜமாகவே வேலை செய்கிறதா? பதிலுக்கு என்னிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளும்? இரண்டாவதை மீன்காரர் அன்றைக்கே கேட்டுவிட்டார். முதல் கேள்வியை ஒழுங்காகக் கேட்க உலகத்துக்கு இன்னும் 1,700 வருஷம் பிடித்தது. கேட்டவர் 78 வயதில், பாரிஸுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், சிறுநீர்ப்பைக் கல்லோடு உட்கார்ந்திருந்தார். அவரிடம் போவதற்கு முன்னால் வியன்னாவில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துவிடலாம்.

மாப்பிள்ளை டாக்டர்

பெயர் ஃப்ரான்ஸ் அன்டோன் மெஸ்மர். 1734இல் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். 1766இல் வியன்னாவில் டாக்டர் பட்டம் வாங்கினார். மனித உடம்பின்மேல் கிரகங்களின் ஆதிக்கம் என்பது ஆய்வுப் பொருள். நம்மூரில் இதே வேலையைப் பார்க்கிறவர்கள் கட்டம் போட்டு, தட்சிணை வாங்கிக்கொண்டு, பட்டம் கேட்காமல் போய்விடுகிறார்கள். அந்த ஆய்வேட்டிலும் கணிசமான பகுதி, ரிச்சர்ட் மீட் என்ற ஆங்கில வைத்தியர் முன்பே எழுதி வைத்தது. இரண்டு வருஷம் கழித்து மெஸ்மர் ஒரு பணக்கார விதவையைக் கல்யாணம் செய்துகொண்டார். மாளிகை வந்தது, தோட்டம் வந்தது. அந்தத் தோட்டத்தில்தான் பன்னிரண்டு வயது மொசார்ட்டின் குட்டி ஆபரா ஒன்று அரங்கேறியது என்றுகூட ஒரு கதை உண்டு. கிரகங்கள் உச்சத்தில் இருந்தன என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டுமா?

1774இல் அவரிடம் ஃப்ரான்சிஸ்கா ஆஸ்டர்லின் என்ற இளம்பெண் வந்தார். வலிப்பு, வாந்தி, பல்வலி, மயக்கம், அதோடு ஆழமான மனத்துயரம். அன்றைய வைத்தியம் எதுவும் பலிக்கவில்லை. இன்றைய பாஷையில் மருந்துக்கு அடங்காத கேஸ். அரண்மனை வானியலாளராக இருந்த ஏசுசபைப் பாதிரியார் மாக்சிமிலியன் ஹெல், காந்தம் செய்து தருவதில் கெட்டிக்காரர். (ஹெல் என்பதை ஆங்கிலத்தில் படித்தால் நரகம், ஜெர்மனில் படித்தால் வெளிச்சம். பாதிரியார் ஜெர்மன் பேசுகிறவராக இருந்தது நல்லதாகப் போயிற்று.) அவர் கொடுத்த காந்தங்களை மெஸ்மர் அந்தப் பெண்ணின் உடம்பில் கட்டினார். முதலில் இரும்புச்சத்துக் கலந்த மருந்தையும் குடிக்க வைத்திருந்தார். உள்ளே இரும்பு, வெளியே காந்தம் என்பது கணக்கு. உடம்புக்குள் ஏதோ ஒன்று ஆறு மாதிரி ஓடுவதாக அந்தப் பெண் சொன்னார். வலிப்பு நின்றது.

உடனே பெரிய சண்டை. குணமாக்கியது என் காந்தம் என்றார் ஹெல். காந்தம் வெறும் பாத்திரம், உள்ளே இருக்கிற பண்டம் என்னுடையது என்றார் மெஸ்மர். பிரபஞ்சம் முழுக்க ஒரு திரவம் ஓடுகிறது, உடம்பில் அது அடைத்துக்கொண்டால் வியாதி, என் கை பட்டால் அடைப்பு நீங்கும். இந்தச் சக்திக்கு அவர் வைத்த பெயர் ‘உயிர்க்காந்தம்’. காகிதம், ரொட்டி, கம்பளி, பட்டு, தோல், கல், கண்ணாடி, தண்ணீர், மனிதர்கள், நாய்கள் எல்லாவற்றிலும் தன்னால் அதை ஏற்ற முடியும் என்று எழுதியே வைத்தார். நாய்களின் வாக்குமூலம் எடுக்கப்படவில்லை. கொஞ்ச நாளில் காந்தத்தையே தூக்கிப் போட்டுவிட்டார். காந்த வைத்தியத்தின் பிதாமகர், காந்தம் இல்லாமலே பிதாமகர் ஆனது இப்படித்தான்.

கண் வந்தது, கை போனது

1777இல் மரியா தெரசியா பாரடிஸ் வந்தார். பதினெட்டு வயது, சின்ன வயதிலேயே பார்வை போனவர், அபாரமான பியானோ கலைஞர். அவருடைய திறமைக்காகப் பேரரசி மரியா தெரசா உதவித்தொகை கொடுத்துக்கொண்டிருந்தார். மெஸ்மர் கையை ஆட்டினார். பார்வை கொஞ்சம் கொஞ்சமாக வருவதாக மெஸ்மரும் சொன்னார், பெண்ணின் அப்பாவும் எழுதினார். முதன்முதலாக மனித முகத்தைப் பார்த்த அந்தப் பெண் மூக்கைக் கண்டு மிரண்டாராம். மனிதர்களைவிட நாயின் முகம் தேவலை என்றாராம். இதைச் சொல்ல மெஸ்மர் வீட்டுக்குத்தான் போக வேண்டுமா, எந்தப் பேருந்து நிலையத்திலும் ஒரு மணி நேரம் நின்றால் போதும் என்பது வேறு விஷயம்.

சிக்கல் பியானோவில் வந்தது. இருட்டில் தானாக ஓடிய விரல்கள், கண் பார்க்க ஆரம்பித்ததும் தடுக்கின. ராகம் தடுமாறியது. பெற்றோர் கணக்குப் போட்டார்கள்: கண் வந்தால் உதவித்தொகை போகும், கையும் போனால் கச்சேரியும் போகும். தகராறு முற்றி மகளை இழுத்துக்கொண்டு போனார்கள். பார்வை மறுபடியும் போயிற்று, அல்லது முதலிலிருந்தே வரவில்லை. கைமட்டும் திரும்பி வந்தது. மெஸ்மர் வியன்னாவைக் காலிசெய்தார். மூளையோடு வியாபாரம் பேசினால் ஒரு கையில் கொடுத்து மறுகையில் பிடுங்கும் என்ற பாடம் அங்கேயே எழுதப்பட்டுவிட்டது. படிக்கத்தான் ஆளில்லை.

தொட்டி வைத்தியம்

1778இல் பாரிஸ் வந்து சேர்ந்த மெஸ்மர் தொழிலை விரிவாக்கினார். ஆள் ஆளாகத் தொட்டுக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது. ஆகவே ஒரு பெரிய மரத்தொட்டி. உள்ளே காந்தம் ஏற்றிய தண்ணீர் பாட்டில்கள், இரும்புத்தூள், கண்ணாடித்தூள். மூடியிலிருந்து வளைந்த இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். சுற்றி உட்காருகிறவர்கள் தத்தம் வலிக்கிற இடத்தில் கம்பியை வைத்துக்கொள்ள வேண்டும். இருட்டு அறை, திரைச்சீலை, மெல்லிய இசை. மெஸ்மர் இளம் ஊதாப் பட்டு அங்கியில் கோலோடு உலா வருவார். கொஞ்ச நேரத்தில் ஒருவர் கத்துவார், ஒருவர் சிரிப்பார், ஒருவர் விழுந்து துடிப்பார். அப்படித் துடிப்பவர்களுக்காகச் சுவரெல்லாம் மெத்தை வைத்த தனியறை. சாமியாட்டம் பார்த்திருக்கிற நமக்கு இதில் புதுசாக இருப்பது மெத்தை ஒன்றுதான்.

அரசாங்கம் வருஷத்துக்கு 20,000 லிவர் மானியம் தருவதாகச் சொன்னபோது, போதாது என்று மறுத்தார். சீடர்கள் ஒரு சங்கம் ஆரம்பித்து, ரகசியத்தைக் கற்றுக்கொள்ள ஆளுக்கு 100 தங்க நாணயம் சந்தா வைத்தார்கள். அமெரிக்க விடுதலைப் போரில் பேர் வாங்கிய லஃபாயெத் பிரபுகூடச் சேர்ந்தார். சேர்ந்த கையோடு ஜார்ஜ் வாஷிங்டனுக்கும் இதன் பெருமையை எழுதினார். புதிதாகச் சந்தா கட்டியவர்கள் நண்பர்களை விடமாட்டார்கள் என்பது அன்றைக்கும் பொருந்தியது.

ஆப்ரிகாட் மரப் பரீட்சை

பாரிஸின் வைத்தியர்களுக்கு வயிறு எரிந்தது. 1784இல் பதினாறாம் லூயி மன்னர் விசாரணைக் குழு போட்டார். குழுவில் வேதியியலின் தந்தை லவாய்சியே, வானியலாளர் பெய்லி, டாக்டர் கியோத்தீன் ஆகியோர். தலைமை, அமெரிக்கத் தூதர் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின். நம் தோட்டத்துத் தாத்தா இவர்தான். கல்லும் மூட்டுவாதமும் இருந்ததால் அவரால் பாரிஸுக்குப் போக முடியவில்லை. குழுவே பாஸி என்ற இடத்தில் இருந்த அவர் வீட்டுக்கு வந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மெஸ்மரின் தொட்டியறையில் நோயாளிகளைக் கிறங்கடித்த கண்ணாடி ஆர்மோனிகா என்ற வாத்தியத்தைக் கண்டுபிடித்ததே ஃப்ராங்க்ளின்தான். கச்சேரிக்குச் செய்த வாத்தியம் வசியத்துக்குப் போனது. செய்தவர் நீதிபதியாக வந்து உட்கார்ந்தார்.

மெஸ்மர் வர மறுத்தார். சீடர் தெலோன் வந்தார். தோட்டத்தில் ஓர் ஆப்ரிகாட் மரத்துக்குச் சக்தி ஏற்றினார். மற்ற மரங்களுக்கு எதுவும் ஏற்றவில்லை. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைக் கண்ணைக் கட்டி அழைத்து வந்து ஒவ்வொரு மரமாகக் கட்டிப்பிடிக்க வைத்தார்கள். முதல் மரத்தில் வியர்த்தான், இருமினான். இரண்டாவதில் தலை கனத்தது. மூன்றாவதில் இன்னும் அதிகம். நான்காவதில் மயங்கி விழுந்தான். சக்தி மரம் தள்ளி நின்றுகொண்டிருந்தது. பையன் அதன்பக்கமே போகவில்லை.

லவாய்சியே வீட்டில் இன்னொரு பரீட்சை. தொட்டாலே துடிக்கிற ஒரு பெண்மணியிடம் வரிசையாகக் கோப்பைகளை நீட்டினார்கள். நான்காவது கோப்பையில் அவருக்கு வலிப்பு வந்தது. அது சாதாரணக் கோப்பை. தெளிந்து தண்ணீர் கேட்டபோது சக்தி ஏற்றிய கோப்பையிலேயே கொடுத்தார்கள். நிம்மதியாகக் குடித்துவிட்டு, இப்போது தேவலை என்றார்.

குழு எழுதிய தீர்ப்பின் சாரம்: கற்பனை இருந்தால் காந்தம் இல்லாமலே துடிக்கிறார்கள், கற்பனை இல்லாவிட்டால் காந்தம் ஒன்றும் செய்வதில்லை. தெலோன் மடக்கினார். அப்படியே இருக்கட்டுமே, கற்பனையே நல்ல மருந்து என்றால் அதையே ஏன் கொடுக்கக்கூடாது? இன்றுவரை இதற்கு யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. ஆனால் கண்ணைக் கட்டிக் கேட்பது என்ற பழக்கம் அந்தத் தோட்டத்தில் வேர்விட்டது. இன்றைய மருந்துச் சோதனைகளில் யாருக்கு அசல், யாருக்குப் போலி என்று நோயாளிக்கும் சொல்லாமல் டாக்டருக்கும் சொல்லாமல் வைக்கிறார்களே, அது அந்த ஆப்ரிகாட் மரத்தின் ஒட்டுக்கன்று.

தலைகளின் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பிரெஞ்சுப் புரட்சியில் பெய்லியின் தலை 1793இல் போயிற்று, லவாய்சியேயின் தலை 1794இல். இரண்டையும் எடுத்த யந்திரம், குழுவில் இருந்த மூன்றாமவர் கியோத்தீனின் பெயரையே தாங்கியது. அவர் தலை தப்பியது. மெஸ்மரோ 1815வரை இருந்து, அதே ஏரிக்கரையில், தலையோடு காலமானார்.

கையில் கம்பி, கண்ணில் மின்மினி

காந்தம் சிறிது காலம் ஓய்வெடுக்க, மின்சாரம் மேடையேறியது. மின்சார ஆராய்ச்சிக்காரர் கால்வானியின் சகோதரி மகன் ஜொவான்னி ஆல்டினி, 1801 வாக்கில் மனத்துயரத்தில் மூழ்கியிருந்த லன்ஸரினி என்ற 27 வயது விவசாயியின் தலையில் பேட்டரியின் மின்னோட்டத்தைச் செலுத்தினார். அதற்கு முன் தன் தலையில் வைத்துப் பார்த்துக்கொண்டார். பல நாள் தூக்கம் போயிற்று. விவசாயி தேறினார் என்று எழுதினார். கண்ணைக் கட்டவில்லை, ஒப்பிட வேறு மரமும் இல்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததா, பழம் விழப்போகிறதென்று காக்கை வந்து உட்கார்ந்ததா, யாருக்குத் தெரியும்?

1831இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே, மாறுகிற காந்தப்புலம் பக்கத்துக் கம்பியில் மின்சாரத்தை உண்டாக்கும் என்று காட்டினார். மெஸ்மர் சொல்லி ஏமாற்றியதற்கு இப்போது நிஜமான இயற்பியல் கிடைத்துவிட்டது. கம்பிக்குப் பதில் மூளையை வைத்தால் என்ன? 1896இல் பாரிஸில் தார்ஸொன்வால் என்ற விஞ்ஞானி பெரிய கம்பிச்சுருளுக்குள் தலையை விட்டு மின்சாரத்தைத் திறந்தார். கண்ணில் மின்மினி பறந்தது, தலை சுற்றியது, சிலர் மயங்கினார்கள். 1910இல் லண்டனில் சில்வானஸ் தாம்ஸனும் தலையை விட்டார், அவருக்கும் மின்மினி. மூளையைத் தொட்டுவிட்டோம் என்ற பரவசம். தொட்டது விழித்திரையைத்தான் என்று பின்னால் தெரிந்தது. கதவு என்று நினைத்து ஜன்னலைத் தட்டியிருக்கிறார்கள்.

1902இல் வியன்னாவில் பொல்லாசெக், பீர் என்ற இருவர் ஒரு படி மேலே போய், தலையில் வைக்கும் மின்காந்தச் சுருளால் மனச்சோர்வைப் போக்குவதாகக் காப்புரிமையே கேட்டார்கள். அதே ஊரில் அதே காலத்தில் சிக்மண்ட் ஃப்ராய்ட் நோயாளியைச் சோஃபாவில் படுக்கப்போட்டு அம்மாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். சோஃபா ஜெயித்தது. சுருளுக்குப் போதுமான பலம் இல்லை.

பன்றி சொன்ன பாடம்

1938, ரோம். மீன் வைத்தியரின் அதே ஊர். உகோ செர்லெத்தி என்ற மனநல மருத்துவர் ஒரு தகவல் கேள்விப்பட்டு இறைச்சிக்கூடத்துக்குப் போனார். அங்கே பன்றிகளின் தலையில் மின்சாரம் வைத்து, துடித்து மயங்கியதும் கழுத்தை அறுப்பார்கள். மின்சாரத்தால் பன்றி சாகவில்லை, வலிப்புதான் வந்தது என்பதைக் கவனித்தார். வலிப்பு வந்தால் மனநோய் தணியும் என்ற எண்ணம் அப்போது புழக்கத்தில் இருந்தது. புடாபெஸ்டில் மெதுனா என்ற மருத்துவர் 1934இலேயே கற்பூரம் ஊசி போட்டு வலிப்பு வரவழைத்துப் பார்த்திருந்தார். செர்லெத்தியும் அவர் உதவியாளர் லூச்சோ பினியும் ஏப்ரலில் மனிதர் ஒருவரின் தலையில் மின்சாரம் வைத்தார்கள். நம்மூரில் ‘கரண்ட் ஷாக்’ என்று பயத்தோடு சொல்கிற சிகிச்சை அப்படிப் பிறந்தது.

இதைக் கிண்டல் செய்துவிட்டுப் போக முடியாது. பிறந்த இடம் அசிங்கம், ஆனால் பிள்ளை கெட்டிக்காரன். இன்று மயக்கமருந்து கொடுத்து, தசை தளர்த்தி, வலி தெரியாமல் செய்கிறார்கள். சாப்பிடாமல் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவரை எழுப்பி உட்கார வைக்க இதற்கு இணையாகச் சொல்ல அதிகம் இல்லை. ஆனால் இரண்டாவது கேள்வி வாசலில் நிற்கிறது. பதிலுக்கு எதை எடுத்துக்கொள்ளும்? நினைவை. சிகிச்சை நடந்த வாரங்கள் பலருக்கு மங்கிப்போகும். சிலருக்கு அதற்கு முந்தைய மாதங்களும் ஓட்டை விழுந்துபோகும். துக்கம் போயிற்று, கூடவே தங்கை கல்யாணமும் போயிற்று என்றால் மனசு எப்படி ஆறும்?

இதில் குற்றவாளி மண்டை ஓடு. மின்சாரம் வந்தால் வாசலில் மறித்து, யாரைப் பார்க்கணும் என்று கேட்கிற காவல்காரர் அவர். அவரைத் தாண்ட வேண்டுமென்றால் நிறைய மின்சாரம் வேண்டும். தாண்டியது குறிப்பிட்ட அறைக்குப் போகாமல் வீடு முழுக்கப் பரவும். காந்தப்புலம் வந்தாலோ காவல்காரர் தலையைக்கூட நிமிர்த்துவதில்லை. நேராக உள்ளே போய், போன இடத்தில் மின்சாரமாக மாறிக்கொள்ளலாம். ஃபாரடே சொன்னது அதுதான்.

மரங்கொத்தி வந்தது

1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கரும் கூட்டாளிகளும் பலமான சுருளைத் தலைமேல் பிடித்து ஒரு சொடுக்குச் சொடுக்கினார்கள். எதிர்ப்பக்கக் கை துள்ளியது. வலி இல்லை, மின்மினி இல்லை, இந்தமுறை ஜன்னல் இல்லை, கதவேதான். ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் ஒரு கணம் சுருளில் பாயும். எழும் காந்தம் எம்.ஆர்.ஐ. யந்திரத்தின் காந்தத்துக்குச் சமமான பலம், இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம்தான் போகும். பார்க்கர் குழுவுக்கு வேண்டியது நரம்புகளைச் சோதிக்க ஒரு கருவி. மனச்சோர்வு அவர்கள் கணக்கிலேயே இல்லை.

கருவியைக் கண்ட மனநல மருத்துவர்களுக்குப் பழைய ஆசை துளிர்த்தது. 1995இல் அமெரிக்காவில் மார்க் ஜார்ஜ் குழு, மருந்துக்கு அடங்காத ஆறு பேரின் இடது முன்மூளையில் தினமும் தட்டியது. இருவர் நன்றாகத் தேறினார்கள். இடது முன்மூளை எங்கே இருக்கிறதென்று எப்படித் தெரியும்? கட்டைவிரல் துள்ளுகிற இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஐந்து சென்டிமீட்டர் முன்னால் போ என்றார்கள். தையற்கடை அளவு. சட்டைக்கே ஆளுக்கு ஆள் அளவெடுக்கிற உலகத்தில், எல்லாத் தலைக்கும் ஒரே டேப். 2001இல் ஜெர்மனியில் ஸ்கேன் வைத்துச் சரிபார்த்தபோது, 22 பேரில் 7 பேருக்குத்தான் இலக்கு சரியாக அமைந்திருந்தது.

ஆனாலும் வண்டி ஓடியது. 301 பேரை வைத்து நடந்த சோதனை 2007இல் வெளியானது. 2008 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. முறை இதுதான்: நாற்காலியில் சாய்ந்துகொள்ள வேண்டும், காதில் அடைப்பான், தலையில் சுருள். வினாடிக்குப் பத்துத் தட்டு, நாலு வினாடி தட்டல், 26 வினாடி ஓய்வு. 37 நிமிடத்தில் 3,000 தட்டு. வாரம் ஐந்து நாள், ஆறு வாரம், கிட்டத்தட்ட ஒரு மண்டலம். மயக்கமருந்து கிடையாது, முடிந்ததும் நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகலாம். மண்டையில் மரங்கொத்தி கொத்துகிற மாதிரி இருக்கிறது என்பார்கள். ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாக வலிப்பு வரலாம்.

பிறகு அவசரக்காரர்கள் வந்தார்கள். 414 பேரை வைத்துக் கனடாவில் நடந்து 2018இல் வெளியான சோதனையில், 37 நிமிடத் தட்டலுக்கு மூன்று நிமிட வேகத் தட்டல் சற்றும் குறைந்ததில்லை என்று தெரிந்தது. ஸ்டான்ஃபோர்டில் நாளைக்குப் பத்து வேளை வீதம் மண்டலத்தையே ஐந்து நாளாகச் சுருக்கினார்கள். அதன் முதல் சோதனைகள் பிரமாதம், ஆனால் ஆட்கள் சில டஜன்தான்.

அந்தப் பையன் திரும்பி வருகிறான்

இப்போது ஃப்ராங்க்ளின் தாத்தா இருமுகிறார். முதல் கேள்வி என்ன ஆயிற்று?

போலிச் சுருள் செய்தார்கள். அசல் மாதிரியே இருக்கும், அசல் மாதிரியே கொத்தும், தோலில் சுருக்கென்றும் இருக்கும். மூளைக்குள் மட்டும் ஒன்றும் போகாது. 2010இல் வெளியான ஒரு சோதனையில் 190 பேர். அசல் சுருளில் முழுசாகத் தேறியவர்கள் 14.1 சதவீதம், போலியில் 5.1. காந்தம் நிஜம்தான், ஆனால் மந்திரமில்லை. 2018இல் அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 164 பேரிடம் இன்னொரு சோதனை. அசலில் 41 சதவீதம் தேறினார்கள். கைதட்டலாமா? போலியில் 37. தினமும் ஒருவர் வரவேற்று, உட்கார வைத்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதே பாதி வேலையைச் செய்துவிட்டதோ என்று யோசிக்க வைக்கிற கணக்கு. சொர்க்கத்திலோ மற்றதிலோ தெலோன் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். மனச்சோர்வு என்றால் அழுகை என்று நினைப்பவர்கள் அதைப் பக்கத்தில் பார்க்காதவர்கள். மண்டைக்குள் பஞ்சை அடைத்த மாதிரி இருக்கிறது என்பார்கள். ஒரே பக்கத்தை நாலு தடவை படிப்பார்கள், ஏ.டி.எம். வாசலில் ரகசிய எண் மறந்து நிற்பார்கள், கடையில் எந்தச் சோப்பு என்று முடிவெடுக்க முடியாமல் திரும்பி வருவார்கள். வயதானவர் என்றால் மறதிநோய் என்று வீட்டில் முடிவே கட்டிவிடுவார்கள். மருந்துக்கு அடங்காதவர்களிடம் இது இன்னும் அழுத்தமாகத் தெரியும். மனசு தெளிந்த பிறகும் இந்தப் பஞ்சு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஏற்கெனவே சேதாரமான கடையில்தான் கரண்ட் ஷாக் இன்னும் நாலு சாமான் எடுத்துப் போகிறது.

காந்தம் எதை எடுத்துப் போயிற்று? 301 பேர் சோதனையில் பொது அறிவாற்றலையும், சொற்பட்டியல் நினைவையும், சொந்த வாழ்க்கை நினைவையும் சோதித்தார்கள். எதுவும் குறையவில்லை. அதற்கப்புறம் வந்த பல சோதனைகளைக் கூட்டிப் பார்த்தவர்கள் சின்ன லாபம் ஒன்றையும் கண்டார்கள். தாளில் சிதறிக் கிடக்கும் எண்களை 1, 2, 3 என்று கோடு போட்டு இணைப்பது ஒரு பரீட்சை. 1இலிருந்து ஒரு எழுத்து, அப்புறம் 2, அப்புறம் அடுத்த எழுத்து என்று மாறி மாறி இணைப்பது இன்னொன்று. இந்த இரண்டிலும் அசல் சுருள்காரர்கள் போலிச் சுருள்காரர்களைவிடக் கொஞ்சம் வேகமாக முடித்தார்கள். நினைவாற்றலில் அப்படி ஒன்றும் பெரிய லாபம் இல்லை.

ஒப்பிடப் போலிச் சுருள்காரர்கள் இருந்தது எவ்வளவு முக்கியம் என்பது இங்கேதான் தெரியும். அதே பரீட்சையை ஆறு வாரம் கழித்து மறுபடியும் வைத்தால் யார்தான் நன்றாக எழுத மாட்டார்கள்? போலிச் சுருள்காரர்களும்தான் முன்னேறினார்கள். அவர்கள் இல்லாமல் இருந்திருந்தால், கொத்தக் கொத்த புத்தி கூடுகிறது என்று யாராவது ஊதா அங்கி போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். காந்தக்காரர்கள் பழைய வலிப்பு வைத்தியத்தையும் விடவில்லை. 2000இல் ஸ்விட்சர்லாந்தின் பெர்னில் காந்தத்தாலேயே வலிப்பை வரவழைத்தார்கள். பழைய சாமி, புது வாகனம். கண்விழித்ததும் பெயர், ஊர், தேதி ஞாபகம் வர மின்சாரத்தைவிடக் குறைந்த நேரம்தான் ஆகிறது.

ஆகக் கணக்கு இதுதான். மீன் உணர்ச்சியை எடுத்தது. மெஸ்மரின் கை பியானோவை எடுத்தது. மின்சாரம் நினைவை எடுத்தது. தலையில் வைத்த இந்தச் சாமான்களில், அளந்து பார்த்தவரை புத்தியிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளாத ஆள், இந்த மரங்கொத்தி. எல்லாருக்கும் கொடுப்பதில்லை, கொடுக்கும்போதும் அள்ளிக் கொடுப்பதில்லை. ஆனால் திருடுவதில்லை.

இன்று ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு சோதனைக் கூடத்தில் ஒருவர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். தலைமேல் மரங்கொத்தி கொத்துகிறது. ஆப்ரிகாட் மரத்தையா, பக்கத்து மரத்தையா என்று அவருக்குத் தெரியாது, பக்கத்தில் நிற்கிற டாக்டருக்கும் தெரியாது. கொத்தி முடிந்ததும் அவர் எழுந்து, தாளை வாங்கி, 1இலிருந்து கோடு போட ஆரம்பிக்கிறார். நேற்றைவிட இன்று கொஞ்சம் வேகம். எந்த மரம் என்பதைச் சோதனை முடிகிறவரை யாரும் அவரிடம் சொல்லப்போவதில்லை. அவரும் அதுவரை மயங்கி விழாமல் இருந்தால் நல்லது.